சுவரில் என் முகத்துக்குக் கீழே

ஆகஸ்ட் 22, திங்கள்

சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து என்று வீடு வீடாகக் கொடி கட்டிய வருஷம். கொரோனாவால் நின்றுபோன ஓணக் கொண்டாட்டம் திரும்ப நடக்கப்போகிற வருஷம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்த வருஷமும் இதுதான். மருமகள் சிந்து கட்டிய கொடி இன்னும் ஜன்னல் கம்பியில் நனைந்துகொண்டிருக்கிறது. அவிழ்த்து மடித்து வைக்க ஒருவருக்கும் நேரமில்லை.

காலையில் தூறல். பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து தீர்ந்தது. வாங்கப் போனேன். வாங்காமல் வந்தேன்.

காரணம், சாலை என்கிற எங்கள் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் அரிசிக் கிட்டங்கி. அதன் பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். மூங்கில் சாரம். சாரத்தின் மேல் ஒரு பெண்பிள்ளை, பேன்ட் போட்டுக்கொண்டு, சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சாக்பீஸ் கோடு. கீழே இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"எந்தாடே இது, சினிமா விளம்பரமா?"

"இல்ல அண்ணா, ஓணத்துக்குப் படம் வரையாங்களாம். சாலை சரித்திரம்."

"அந்த ரூபாய்க்கு இந்த ஓடையக் கோரியிருக்கலாம்."

பெண்பிள்ளை கையில் ஒரு காகிதம். கீழே இறங்கித் தண்ணீர் குடிக்கும்போது எட்டிப் பார்த்தேன். எங்கள் படம். மே தினத்தில், இதே கிட்டங்கி வாசலில், ஒன்பது பேர் வரிசையாக நின்று எடுத்தது. அது இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம். படம் எடுத்து ஆறு மாதம் கழித்துச் சுட்டார்கள். இடமிருந்து ஏழாவது ஆள் நான். முப்பத்தி மூன்று வயது. சட்டையில்லை. தலையில் சும்மாட்டுத் துண்டு.

"ஒவ்வொரு ஆளுக்கும் கீழ பேரும் எழுதும் அப்பூப்பா," என்றாள். தாத்தா என்று கூப்பிடுகிறாள். பெயர் அனகா. ஆற்றிங்கல் பக்கம். ஓவியக் கல்லூரியில் படித்து முடித்தவளாம்.

பெயர் எழுதுவார்களாம்.

என் முகத்துக்குக் கீழே எந்தப் பெயரை?

மருந்துக் கடையைத் தாண்டி நடந்துவிட்டது வீட்டுப் படியில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது. சிந்து கேட்டாள், "மாமா, மருந்து?" கடை பூட்டியிருக்கு என்றேன்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

மழை. மருந்து வாங்கினேன். சீட்டில் பெயர்: சுடலையாண்டி, 71.

என் பெயர் பேச்சிமுத்து. இதை எழுதியே எத்தனையோ வருஷம் ஆகிறது. எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது. பேச்சிமுத்து. பேச்சிமுத்து.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. சாக்கு மூட்டைகளின் மேல் அச்சடித்த எழுத்தைப் பார்த்துத் தமிழ் படித்தேன். ஆகையால் என் எழுத்து சாக்கு எழுத்துப் போலத்தான், பெரிது பெரிதாக. மகன் முருகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவன் படித்தது மலையாளம். சிந்து மலையாளி. எனவே ஜவுளிக்கடைக்காரன் கொடுத்த இந்த டைரியை மேசைமேல் திறந்தே போட்டுவைத்தாலும் இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது.

பெயர் மாறிய கதை. சுடலையாண்டியும் நானும் வள்ளியூர்ப் பக்கம் ஒரே ஊர். அவன் எனக்கு முந்தி இங்கே வந்து சாலையில் மூட்டை சுமக்கிற சுமட்டுத் தொழிலாளி ஆனவன். கூட்டத்தில், அதாவது சங்கப் பட்டியலில், பெயர் உள்ளவன். எனக்குப் பெயர் இல்லை. வெளியே நின்று, யாருக்காவது ஆள் குறைந்தால் ஏறுகிற வேலை. படம் எடுத்த வருஷம் பங்குனியில் கிட்டங்கிக்குள் அடுக்கிவைத்த அரிசி அட்டி சரிந்தது. மேலிருந்து பதினைந்து இருபது மூட்டை. சுடலை அடியில். இடுப்பு போயிற்று.

அப்போது ஒரு வழக்கம் உண்டு. காலையில் கன்வீனர் பெயர் கூப்பிடுவார். பெயருக்கு உரியவன் படுத்துக் கிடந்தால், அவனுடைய ஆள் ஒருவன் நின்று அந்தப் பெயருக்குக் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லாமல் தொடர்ந்து நாள் போனால் பெயரை வெட்டிவிடுவார்கள். 'பேர் பிடிக்கிறது' என்று சொல்வோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சுடலையே என்னிடம் சொன்னான், "ஏல, எம் பேரப் பிடிச்சு நில்லு. எந்திச்சு வந்திருதேன்." பிடித்தேன். அந்த வருஷமே ரெஜிஸ்டர் எழுத ஆள் வந்தார்கள், போட்டோ ஒட்டி. சுடலையாண்டி என்ற பெயருக்கு நேரே என் போட்டோ ஒட்டினார்கள். பிறகு அதை வைத்து ரேஷன் கார்டு, அதை வைத்து வோட்டு, அதை வைத்து ஆதார்.

சுடலை திரும்ப வரவில்லை. அக்கா வீட்டோடு மலைப்பக்கம் வித்துராவுக்குப் போய்விட்டான்.

இதுதான் கதை. யாரையும் ஏமாற்றவில்லை.

ஆகஸ்ட் 25, வியாழன்

சாயங்காலம் வரை மழை இல்லை. நான்கு முறை சுவருக்குப் போய் வந்தேன். கால் வலி. வீட்டில் உட்கார முடியவில்லை.

வரிசையில் முதல் ஆள் தங்கப்பன் முகம் முடிந்துவிட்டது. மூக்கு சரி. காது அவனுக்கு இவ்வளவு பெரிதில்லை. மூட்டைக் கொக்கியை வலது கையில் கொடுத்திருந்தாள். "அவன் இடங்கையன்," என்றேன். "போட்டோவில தெளிவில்ல அப்பூப்பா," என்று சொல்லி அழித்தாள். ஒரு முகம் வரைய அரை நாள் எடுக்கிறவள், கையை மறு பேச்சில்லாமல் அழித்தாள். இந்தப் பெண் பேரில் மதிப்பு வந்தது.

மத்தியானம் சண்டை. கன்வீனர் ரகு வந்தான். இப்போது கூட்டத்துக்குப் பெயர் கூப்பிடுகிறவன் அவன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "மோளே, இவங்களுக்குச் சட்டை எங்கே?" என்றான்.

"அன்னைக்கு இட்டிருந்தில்லல்லோ சேட்டா."

"இன்னைக்கு இடணும். நம்ம யூனிபாரம் நீலச் சட்டை. இல்லேன்னா ஆளுக ஏதோ பிச்சக்காரக் கூட்டம்னு நினைப்பாங்க."

"ஒன்பது பேருக்கும் நீலச் சட்டையா? போலீஸ் லைன் மாதிரி இருக்கும்."

அப்போது வெல்லக்கடை முதலாளி குறுக்கே வந்தார். பழைய பாண்டி வியாபாரி, மூன்று தலைமுறைக் கடை. "அம்மா, அந்த ஓரத்துல ஒரு ஆள் நிக்கிற இடம் சும்மாதானே கிடக்கு? எங்க அப்பாவ வரைஞ்சிரலாம்லா. அவரும் சாலைதானே."

ரகு: "முதலாளிமாருக்குக் கடைக்குள்ள சுவர் உண்டல்லோ. அங்க தொங்கவிடணும்."

முதலாளி: "நாங்க சுவருக்குப் பெயின்ட் கொடுத்திருக்கோம்டே."

கடைசியில் ஒருவருக்கு மட்டும் தோளில் நீலத் துண்டு என்று முடிந்தது. எனக்கு. உயிரோடு இருப்பது நான் ஒருவன்தானே என்று.

அனகா பெயர் கேட்டு எழுதிக்கொண்டாள். எட்டுப் பேரையும் தடையில்லாமல் சொன்னேன். ஒன்பதாவதாக என்னைக் கேட்கவே இல்லை. ரகு ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். மலையாள எழுத்தில் அவள் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சுடலையாண்டி.

"அப்பூப்பனத் தவிர வேற யாராவது ஜீவனோட உண்டா?" என்றாள்.

"இல்ல," என்றேன்.

படத்தில் உள்ளவர்களில் இல்லை. அது உண்மை. அவள் கேட்டது அதைத்தானே.

ஆகஸ்ட் 26, வெள்ளி

சுவருக்குப் போகக் கூடாது என்று முடிவு. பதினொன்றுக்குப் போனேன்.

என் முகத்தைத் தொடங்கிவிட்டாள். கண்ணில்லை, மூக்கில்லை, தாடை மட்டும். நெற்றியில் ஒரு கட்டக் கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே, பெயருக்கு விட்ட ஒரு சாண் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் ஒருத்தி தன் பிள்ளையிடம், "இந்த அப்பூப்பன்தான் அது, பாரு," என்றாள். பிள்ளை என்னையும் தாடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நம்பவில்லை.

வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

தங்கப்பன். இடங்கையன். மஞ்சள்காமாலையில் போனான்.

பெரிய மணி. குரல் கேட்டால் மாடு விலகும்.

காதர். நோன்பு முப்பது நாளும் சுமை எடுப்பான், தண்ணீர் குடிக்கமாட்டான். கொரோனாவில், இரண்டாவது அலை. நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை.

நேசையன். மார்த்தாண்டம். படத்தில் சிரிக்கிறவன் இவன் மட்டும்.

செல்லையா. மூட்டையை முகர்ந்தே எந்த ஊர் அரிசி என்று சொல்வான். இரண்டு தடவைதான் தவறியிருக்கிறான், இரண்டும் ஆந்திரா அரிசி.

வேலப்பன். யாரிடமும் பேசமாட்டான். பழவங்காடிக் கோயிலில் கும்பிட்டபடியே விழுந்து அங்கேயே முடிந்தது.

ஏழாவது: .

குஞ்சுமோன். பஸ் மோதியது.

சின்ன மணி. பெரிய மணிக்கு உறவில்லை. போன தை.

ஏழாவதுக்கு நேரே ஒரு புள்ளி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்து இன்னும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 27, சனி

வெயில். தோவாளைப் பூ லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. தெரு முழுக்க ஜமந்தி வாசனை, லாரிப் புகை.

முருகனிடம் பேசினேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முருகனும் அதே கூட்டத்தில் சுமை எடுக்கிறவன். எனக்கு முதுகு முடியாமல் போனபோது என் சுமைத் தொழில் கார்டு அவனுக்கு வந்தது. வந்தது என்றால், சுடலையாண்டியின் மகன் என்று வந்தது. எஸ். முருகன். அந்த எஸ்ஸுக்கு உடையவனை அவன் வாழ்க்கையில் இரண்டு தடவை பார்த்திருப்பான். கதை அவனுக்குத் தெரியும். அவன் அம்மா சாகும் முன் சொல்லிவிட்டுப் போனாள்.

"சுவர்ல எம் பேர எழுதச் சொல்லலாமான்னு பாக்கேன்," என்றேன்.

"உங்க பேருதான எழுதுதாங்க."

"எம் பேரு."

சோற்றில் கை நின்றது. "அப்பா, இப்போ கார்டு சரிபார்ப்பு நடக்கு. கேட்டீங்களா? இந்த மாசம். ரகு அண்ணன் ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு அப்பன் பேரு, அப்பன் கார்டுன்னு பாக்கான். அஞ்சாறு பேரு வெளிய காத்து நிக்கானுக, எவன் கார்டு போவும்னு. நீங்க சுவர்ல ஏறி நின்னு வேற பேரு பறஞ்சா, நான் யாரு?"

"எம் மவன்."

"அது வீட்டுல."

சிந்து அடுக்களையிலிருந்து, "எந்தா மாமா, இப்போ பேரில என்ன இருக்கு? எனக்கு வீட்டுல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு. ரெண்டும் எனக்குப் பிடிக்காது," என்றாள்.

முருகன் சிரிக்கவில்லை. "வாயத் திறந்து மிண்டாம இருங்கப்பா. இத்தன வருஷம் இருந்தீங்கல்லோ. ஓணம் கழியட்டும்."

ஓணம் கழிந்தால் சுவரில் பெயின்ட் காய்ந்துவிடும்.

அவன் சொன்னது நியாயம். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவனும் அந்த அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து பிழைப்பு எடுக்கிறவன். நியாயம் என்று தெரிகிறது. அப்படியும் மத்தியானம் முழுக்க வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். தையல்கடைக்காரன், "மாமா, என்ன தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

பழவங்காடியில் தேங்காய் உடைக்கப் போகிறேன் என்று சிந்துவிடம் சொன்னேன். பொய்யாக வேண்டாமென்று முதலில் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். பிறகு பஸ் ஏறினேன். நெடுமங்காடு வரை உட்கார இடமில்லை. வித்துராவில் இறங்கும்போது குளிர், சாரல். பொன்முடிக்குப் போகிற பையன்கள் பைக்கில் கூட்டம் கூட்டமாக.

பதினோரு வருஷம் கழித்துப் போகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுடலையின் மகளுக்கு ஒரு சாயாக்கடை. சாலைக்காரன் கடை என்றால்தான் அங்கே தெரியும். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சாலைக்காரன்தான்.

கடைக்குள் நாற்காலியில் இருந்தான். இடுப்பு இன்னும் மடங்கிவிட்டது. முகம் மட்டும் அப்படியே, பல் கூட.

"வாடே சுடலையாண்டி," என்றான். என்னை எப்போதும் அவன் பெயரால்தான் கூப்பிடுவான். பழைய குசும்பு.

"நீ இன்னும் சாவலியா?"

"நீ செத்தா நான் செத்த மாதிரிலா. அதான் உன் நேரத்தப் பாத்துட்டு இருக்கேன்."

மகள் கட்டன்சாயா கொண்டுவந்தாள். "சித்தப்பா, கொரோனா சமயத்துல நீங்க ஆஸ்பத்திரில கிடந்தீங்களே, அப்போ இங்க ஒரு ஆள் ஓடி வந்து, 'மோளே, உன் அச்சன் சாலை சுடலையாண்டி சீரியஸ்'னு பறஞ்சான். அப்பா இந்த நாற்காலியில இருந்து பீடி குடிச்சிட்டு இருக்காரு."

"நான் எந்திச்சு அவனுக்கு ஒரு சாயா கொடுத்தேன்," என்றான் சுடலை. "அவன் குடிக்கல. பேய் கொடுத்த சாயான்னு நினைச்சிருப்பான்."

மூவரும் சிரித்தோம். அவனுக்கும் இங்கே அதே பெயரில் ரேஷன் கார்டு. கவர்மெண்டுக்கு இரண்டு சுடலையாண்டி இருக்கிறோம். பேச்சிமுத்து ஒருவனும் இல்லை.

சுவர் விஷயம் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"படம் எடுக்கும்போது நான் எங்க?"

"ஆஸ்பத்திரில."

"அப்போ எம் மூஞ்சி அதுல இல்ல."

"இல்ல."

"எம் பேரு மட்டும் உண்டு. உம் மூஞ்சிக்குக் கீழ."

"ஆமா."

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அவ்வளவு கறுப்பில்லையேடே. பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பைக் பையன்கள் நான்கு பேர் சாயா கேட்டு வந்தார்கள். அவள் அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில் சுடலை குரலைத் தாழ்த்தினான். கிண்டல் இல்லை.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. நான் ஆஸ்பத்திரிலருந்து வந்தேம்லா, பேரு கூப்பிடுத நேரத்துக்கு. வாழைக்குலைக் கடைப் பக்கம் நின்னேன். அன்னைக்கு நீ என்னப் பாத்தியா, பாக்கலியா?"

என் கையில் சாயா கிளாஸ். அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது.

"பாக்கல," என்றேன்.

"சரி," என்றான்.

பிறகு மழையைப் பற்றிப் பேசினான். காட்டுப்பன்றி கப்பைக் கிழங்கைத் தோண்டுவதைப் பற்றிப் பேசினான். நான் புறப்படும்போது, "சுவர்ல நீ எந்தப் பேர வேணும்னாலும் எழுது. நான் இனி மலை இறங்கி வந்து பாக்கவா போறேன்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

மகள் ஒரு பொட்டலம் நல்லமிளகு கொடுத்தாள். பஸ்ஸில் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. அனகா சுவருக்குத் தார்ப்பாய் போட்டிருந்தாள். அதன் கீழே குந்தி உட்கார்ந்து ரொட்டி தின்றாள். எனக்கும் ஒன்று தந்தாள். என் கண் வரைந்தாகிவிட்டது. சுவர்க் கண்ணில் புரை இல்லை.

முந்தாநாள் எழுதியதும் அதற்கு முந்தி எழுதியதும் படித்துப் பார்த்தேன். ஒரு இடம் பொய். அடிக்கவில்லை. கீழே சரியாக எழுதுகிறேன்.

சுடலை திரும்ப வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். வந்தான்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரம். இதே மாதிரி மழை. கிட்டங்கி வாசலில் இருபது பேர் கூட்டமாக நின்றோம், சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு. அப்போதைய கன்வீனர் குடைக்குக் கீழே நோட்டை வைத்துப் பெயர் கூப்பிட்டார். வாழைக்குலைக் கடைக்கு முன்னால் கைவண்டி. கைவண்டியைப் பிடித்துக்கொண்டு சுடலை. இடுப்பில் ஆஸ்பத்திரி பெல்ட், சட்டைக்கு மேலே. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஒரு ஆள் நகர்ந்து மறைத்தான், பிறகு விலகினான். அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"சுடலையாண்டி!"

அவன் வாயைத் திறந்தான். திறந்ததையும் பார்த்தேன். நான் முந்திக் குரல் கொடுத்தேன். வழக்கத்தைவிடச் சத்தமாக.

என் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாம் மாதம். வயிற்றில் இருந்தது முருகன். காரணம் அதுதான். காரணம் இல்லாமல் யாரும் எதுவும் செய்வதில்லை.

கன்வீனர் அடுத்த பெயர் கூப்பிட்டார். நான் மறுபடி பார்த்தபோது கைவண்டி மட்டும் நின்றது.

அவனால் இனிமேல் சுமை எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னது நிஜம். ஆனால் அது எனக்குத் தெரிய வந்தது ஒரு மாதம் கழித்து, அவன் அக்கா சொல்லி. குரல் கொடுத்த அன்று தெரியாது. அன்றே தெரிந்த மாதிரி இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். என் பெண்டாட்டியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் முருகனிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

நேற்று அவன் கேட்டது இதைத்தான். ஆமாம், பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொரு கட்டன்சாயா சொல்லியிருப்பான்.

சோற்றைத் தட்டோடு தள்ளி வைத்தேன். சிந்து காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாளை அத்தம், ஓணத்தின் முதல் நாள். நாளைக்குப் பெயர் எழுதுகிறார்கள்.

ஆகஸ்ட் 30, செவ்வாய், அத்தம்

மழை விட்டது. வெயில் மஞ்சளாக அடித்தது. கடை வாசல்களில் பூக்களம். வெல்லக்கடை முதலாளி தன் கடை வாசலில் போட்ட பூக்களத்துக்கு நடுவில் அப்பாவின் போட்டோவை வைத்திருந்தார். தெருவுக்கே சிரிப்பு.

எட்டரைக்கே போய்விட்டேன். சவரம் செய்துகொண்டேன், வெள்ளை வேட்டி. கூட்டம் சேர்ந்தது. தெருக்கோடியில் செண்டைக்காரர்கள் தோல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், சாயங்காலத்துக்கு. ரகு புதுச் சட்டை. சுமட்டுத் தொழிலாளிகள் எல்லாரும் வந்து நின்றார்கள். முருகன் கையில் சாயா கிளாஸோடு ரகுவுக்குப் பின்னால். என்னைப் பார்த்துக் கண்ணால், வேண்டாம் என்றான்.

அனகா சாரத்தில் ஏறினாள். சின்ன பிரஷ், கறுப்புப் பெயின்ட். "அப்பூப்பா, ஒரு தடவ சத்தமா சொல்லித் தரணும். தப்பு வரக் கூடாதல்லோ," என்றாள். மலையாளத்திலும் தமிழிலும் எழுதுவாளாம். தமிழ் எழுத்தை ஒரு தாளில் யாரிடமோ எழுதி வாங்கி வைத்திருந்தாள்.

சொன்னேன். தங்கப்பன். எழுதினாள். கூட்டத்தில் ஒரு பெண், "எங்க மாமனாரு," என்று சத்தம் போட்டாள், கைதட்டினார்கள். பெரிய மணி. காதர். காதரின் மகன் செல்போனில் படம் எடுத்தான். நேசையன். செல்லையா. வேலப்பன்.

பிறகு என் முகம். தோளில் நீலத் துண்டு.

"இது நம்ம சுடலையாண்டி அப்பூப்பன்," என்று அவளே சொல்லிப் பிரஷை முக்கினாள்.

"அத எழுதாத பிள்ளே," என்றேன்.

"எந்தா?"

"அதுக்குக் கீழ பேச்சிமுத்துன்னு எழுது."

ரகு திரும்பினான். "மாமா, அதாரு பேச்சிமுத்து?"

"நான்தான்."

"காலைல ஒண்ணும் சாப்பிடலையா? தல சுத்துதா?" என்று சிரித்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். முருகன், "அப்பா," என்றான். அவன் கிளாஸிலிருந்து சாயா வழிந்து விரலில் ஓடியது, அவன் உதறவில்லை.

"தல சுத்தல ரகு. எங்க அம்மை வச்ச பேரு பேச்சிமுத்து. உன் நோட்டுல உள்ள பேரு என் பேரில்ல. நான் ஒருத்தனுக்காகப் பிடிச்ச பேரு. அவன் கேட்டு வந்து நின்ன அன்னைக்கு நான் கொடுக்கல. இவன்," முருகனைக் காட்டினேன், "இவன் அப்போ இவன் அம்மை வயித்துல. இவன் மேல ஒண்ணும் இல்ல. எழுதுததா இருந்தா என் மேல எழுது."

ரகு சிரிப்பை நிறுத்தினான். நீலச் சட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செண்டைக்காரன் ஒருவன் எங்கோ ஒரு தட்டுத் தட்டினான். முருகன் என் பக்கத்தில் வந்து நின்றானா, என்னை இழுத்துப் போக வந்தானா, தெரியவில்லை. வந்து நின்றான்.

அனகா சாரத்திலிருந்து குனிந்தாள். பிரஷிலிருந்து ஒரு சொட்டு சுவரில் ஒழுகியது. "அப்போ சுடலையாண்டி ஆரு அப்பூப்பா? இந்தப் படத்தில எந்த ஆளு? மரிச்சுப் போயாச்சா?"

வேறு யாராவது உயிரோடு உண்டா என்று அன்றைக்குக் கேட்ட அதே கேள்விதான். கழுத்தை நிமிர்த்தி, ரகுவுக்குக் கேட்கும்படி, என் மகனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"படத்தில இல்ல. அந்தப் படத்துல நிக்க வேண்டிய ஆள், அன்னைக்கு நிக்க முடியாமப் போச்சு. சாகல. வித்துராவுல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மக கடையில உக்காந்திருக்கான். சுடலையாண்டி."